தாளில் வரைந்த நகரம்

ஹைதராபாத்தின் போவன்பள்ளியில் பெரிய காய்கறிச் சந்தை ஒன்று உண்டு. அங்கே விற்றது போக எஞ்சும் அழுகிய தக்காளியும் கீரைத்தண்டும் முட்டைக்கோசின் வெளியிலைகளும் முன்னாளில் குப்பையாய்க் குவிந்து நாறின. இன்று அவை சந்தைக்குள்ளேயே அமைந்த எரிவாயு ஆலைக்குச் செல்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 டன் கழிவிலிருந்து 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிபொருளும் கிடைப்பதாக, 2021ஆம் ஆண்டு ஜனவரியில் பிரதமர் தம் வானொலி உரையில் எடுத்துரைத்தார். மின்சாரம் சந்தையின் விளக்குகளுக்கு; எரிபொருள் அங்குள்ள உணவகத்தின் அடுப்புக்கு.

இது கண்முன் கிடந்த ஒரு பழுதுக்குச் செய்த சீர்திருத்தம். இதற்கு நேர்மாறான துணிவும் உலகில் உண்டு. தெரு, வீடு, தொழில், கல்வி, பணம், நிலவுரிமை ஆகிய அனைத்தையும் புதிதாக எண்ணி, நாளைய சமுதாயம் வாழவேண்டிய நகரத்தை முன்கூட்டியே முழுமையாக வரைந்துவிடுவது அத்துணிவு. அவ்வாறு வரையப்பட்ட நகரங்களில் பல தாளை விட்டு இறங்கவே இல்லை. தாளிலிருந்து மண்ணுக்கு இறங்கிய அரிய சிலவற்றுள் ஒன்று தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது. அதன் பெயர் ஆரோவில்.

கோல்கொண்டாவிலிருந்து ஒரு கொடை

ஆரோவில்லின் முன்கதையில் ஹைதராபாத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலர் அறியாத செய்தி. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு 1930களில் ஒரு விடுதி தேவைப்பட்டது. நிஜாம் அரசின் உயர் பொறுப்பில் இருந்த சர் அக்பர் ஹைதரி வழியாக அதற்கு ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வந்தது. அந்த நன்றியின் அடையாளமாக விடுதிக்குக் கோல்கொண்டாவின் பெயரைச் சூட்டினர். பிரெஞ்சு ஒலிப்பில் அது ‘கோல்கோண்ட்’ ஆயிற்று.

அதை வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் நடத்திய கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட். கட்டுமானத்தை உடனிருந்து நடத்தியோருள் ஒருவரான ஜார்ஜ் நகஷிமா, பிற்காலத்தில் மரத் தளவாடக் கலையில் உலகப் புகழ் பெற்றார். கம்பியிட்ட கான்கிரீட்டால் எழுந்த அவ்விடுதிக்கு வடக்கிலும் தெற்கிலும் வழக்கமான சுவர் இல்லை. சுவர் இருக்கவேண்டிய இடமெங்கும் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள் அடுக்கப்பட்டுள்ளன. வெயில் வரும்போது சாய்த்துக்கொள்ளலாம். காற்று வேண்டும்போது திறந்துகொள்ளலாம். மின்விசிறியை நம்பாமல் கடற்கரை ஊரின் புழுக்கத்தை வெல்லும் ஏற்பாடு இது. இந்தியாவின் முதல் நவீனக் கட்டடங்களுள் ஒன்றாகக் கட்டடக்கலை மாணவர்கள் இதை இன்றும் படிக்கின்றனர். ரேமண்ட் ஆண்டு முழுவதும் வீசும் காற்றையும் வெயிலின் திசையையும் ஆராய்ந்த பிறகே சுவரை விலக்கினார் என்பது இங்கே கருதத்தக்கது. நல்ல வடிவமைப்பு இடத்தைப் படிப்பதில் தொடங்குகிறது.

சுருள் வடிவில் ஒரு கனவு

ஆசிரமத்தை நடத்திவந்த மிரா அல்ஃபாசாவை அங்குள்ளோர் அன்னை என்றே அழைத்தனர். எந்த நாடும் தனக்கே உரியதென்று சொல்லிக்கொள்ள முடியாத ஓர் இடம் பூமியில் எங்கேனும் இருக்கவேண்டும் என்று அவர் 1954இல் எழுதினார். அங்கே பணம் தலைவனாக இராது. கல்வி என்பது தேர்வில் வெல்வதற்கோ சான்றிதழ் பெறுவதற்கோ உரியதன்று. மாணவரின் ஆற்றல்களை வளர்ப்பதற்கே உரியது. (பொதுத்தேர்வு ஆண்டில் இதைப் படிக்கும் மாணவர் ஒரு பெருமூச்சு விட்டால் அது மன்னிக்கத்தக்கதே.)

இக்கருத்துக்கு உருவம் கொடுக்கும் பணி ரோஜர் ஆங்கர் என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரிடம் வந்தது. 1923இல் பிறந்த அவர், பாரிஸிலும் கிரெனோபிளிலும் உயர்ந்த அடுக்ககங்களை எழுப்பிப் பெயர் பெற்றிருந்தார். 1965 முதல் பல வரைவுகள் செய்து, விலக்கி, 1968இல் அவர் முன்வைத்த மாதிரி வானியலிலிருந்து உருவத்தைக் கடன் வாங்கியது. விண்மீன் மண்டலம் ஒன்று நடுவிலிருந்து கைகளை வீசிச் சுழல்வதுபோல, ஒரு மையத்தைச் சுற்றி நகரம் சுருண்டு விரிந்தது. அதனால் அத்திட்டத்துக்கு ‘கேலக்ஸி’ என்றே பெயர் நிலைத்தது.

திட்டத்தின் அளவுகள் எளியவை. நகரம் 2.5 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். நடுவில் அமைதிக்கான இடமும், பொன்னிறக் கோளம் போன்ற மாத்ரிமந்திரும், அவற்றைச் சூழ்ந்த ஏரியும். வட்டத்தின் வடக்கே தொழில், கிழக்கே பண்பாடு, தெற்கே குடியிருப்பு, மேற்கே பன்னாட்டு அரங்குகள் என நான்கு பகுதிகள். நான்கையும் இணைக்கும் வளையச் சாலை ஒன்று. அதற்கு ‘கிரவுன்’ என்று பெயர். நகரத்துக்கு வெளியே, இன்னும் 1.25 கிலோமீட்டர் அகலத்துக்குக் காடும் வயலும் மட்டுமே கொண்ட பசுமை வளையம். மக்கள்தொகை 50,000. அதற்கு மேல் நகரம் வளரக்கூடாது.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் துணிவு விளங்கும். நகரவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 5 சதுரக் கிலோமீட்டர். அதில் 50,000 பேர் என்றால் சதுரக் கிலோமீட்டருக்கு 10,000 பேர். நெருக்கமாக வாழ்ந்து, நடந்தும் மிதிவண்டியிலும் சென்று, மிச்ச நிலத்தை மரங்களுக்கு விட்டுவிடுவது என்பதே இதன் பொருள். நகரங்கள் வரம்பின்றிப் பரவி ஏரிகளை விழுங்கும் நாட்டில், ‘இவ்வளவு போதும்’ என்று ஒரு நகரம் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது சிறிய கருத்தன்று. சுருள் வடிவத்தைக் காட்டிலும் இந்த எல்லைக்கோடே அத்திட்டத்தின் உயர்ந்த பகுதி எனலாம்.

1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தொடக்கவிழா நடந்தது. 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொரு பிடி மண்ணும், தாமரை மொட்டு வடிவில் சலவைக்கல் பதித்த தாழியில் இடப்பட்டது. மண்ணைத் தாழியில் இடுவது எளிதாயிற்று. தாழியைச் சுற்றியிருந்த மண்ணைக் காப்பதுதான் கடினமாக இருந்தது.

வட்டம் புதியதா?

நகரத்தை வட்டமாக எண்ணியவர் ஆங்கர் மட்டும் அல்லர். இங்கிலாந்தின் எபனேசர் ஹவார்டு 1898இல் வெளியிட்ட நூலில் தோட்டநகரம் என்ற கருத்தை விளக்கினார். நடுவில் பூங்கா, சுற்றி வீடுகள், விளிம்பில் தொழிற்சாலைகள், அப்பால் வேளாண் நிலம், மக்கள்தொகை 32,000, நிலம் அனைத்தும் பொதுவுடைமை. ஹவார்டு கட்டடக் கலைஞர் அல்லர். நாடாளுமன்ற நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்து பிழைத்தவர். ஆயினும் அவர் ஒன்றைத் தெளிவாக அறிந்திருந்தார். தம் வட்டப் படத்தின் அடியிலேயே, இது விளக்கப்படம் மட்டுமே என்றும், இடத்தைத் தேர்ந்தெடுக்கும்வரை உண்மையான திட்டத்தை வரைய இயலாது என்றும் குறித்துவைத்தார். அந்தச் சிறு குறிப்பைப் பின்வந்த வட்டக்காரர்கள் பலர் படிக்கவில்லை போலும்.

தமிழருக்கும் இது அயலான எண்ணமன்று. மதுரை நகரின் அமைப்பைப் பரிபாடல் தாமரைப் பூவுக்கு ஒப்பிடுகிறது. கோயில் நடுவே இருக்க, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சூழ்கின்றன. ஆனால் அந்தத் தாமரை ஒரே நாளில் மலரவில்லை. விழாவும் தேரோட்டமும் வணிகமும் பல நூற்றாண்டுகளாக அதன் இதழ்களை விரித்தன.

அந்த மதுரையைக் காண 1915 அளவில் வந்தவர் ஸ்காட்லாந்தின் பேட்ரிக் கெடிஸ். தாவரவியல் அறிஞராகத் தொடங்கி நகரமைப்பு அறிஞராக ஆனவர். அவர் சென்னைக்கு வந்த கதையே சுவையானது. உலக நகரங்களைப் பற்றிய தம் கண்காட்சிப் படங்களை அவர் கப்பலில் அனுப்பினார். முதல் உலகப்போர் தொடங்கியிருந்த 1914இல் அக்கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி, எத்தனுக்கு ‘எம்டன்’ என்ற பெயரைத் தமிழ்ப் பேச்சு வழக்குக்குத் தந்த அதே கப்பல்தான் அது. கெடிஸ் தளரவில்லை. நண்பர்கள் திரட்டித் தந்த புதிய படங்களைக் கொண்டு கண்காட்சியை நடத்தியபின், தமிழ் ஊர்கள் பலவற்றை நடந்தே சுற்றி அறிக்கைகள் எழுதினார்.

அவருடைய முறை மருத்துவருடையது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்யச் சொல்கிறது. கெடிஸும் அதையே நகரங்களுக்குச் சொன்னார். நெரிசலான பழைய தெருவை இடித்து நேரான பெருஞ்சாலை போடுவதே அக்காலப் பொறியாளர்களின் வழக்கம். அவரோ, இடிந்துகிடக்கும் ஓரிரு வீடுகளை மட்டும் விலக்கி, அவ்விடத்தில் ஒரு மரமும் ஒரு திண்ணையும் வைத்தால் தெரு தானே மூச்சுவிடும் என்றார். செலவும் குறைவு, எவரும் வீடிழந்து தெருவில் நிற்கவேண்டியதில்லை. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முனைந்தோரிடம், குளத்தில் மீனை விடுங்கள் என்றார்.

எனவே ஆரோவில் தொடங்கியபோது இரண்டு வழிகள் அறிஞர்முன் இருந்தன. ஒன்று, வெள்ளைத்தாளில் தொடங்குவது. மற்றொன்று, இருப்பதைப் படித்துவிட்டுத் தொடங்குவது.

தாள் வெள்ளையாக இல்லை

ஆங்கரின் வட்டம் விழுந்த இடம் வெற்றிடமன்று. எடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், ஆலங்குப்பம், கோட்டக்கரை, இரும்பை என்று ஊர்கள் அங்கே இருந்தன. அவற்றின் வயல்களும் முந்திரித் தோப்புகளும் மேய்ச்சல் நிலமும் வட்டத்துக்கு உள்ளும் வெளியிலும் கிடந்தன. ஆகையால் நிலம் சிறுகச் சிறுக, துண்டு துண்டாகவே வாங்கப்பட்டது. வட்டத்துக்குள் பிறர்க்குரிய நிலம் இன்றும் உண்டு.

மண்ணோ நோயுற்றிருந்தது. ஒருகாலத்தில் காடாக இருந்த அச்செம்மண் மேட்டில் மரங்கள் வெட்டப்பட்டுப் பல காலம் ஆகியிருந்தது. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதெல்லாம் மேல்மண் கரைந்து, ஆழமான அரிப்புப் பள்ளங்களின் வழியே செந்நீராய் ஓடிக் கடலில் கலந்தது. கோடையில் நிழலுக்கு ஒதுங்க இடம் அரிது. மேட்டின் நடுவே நின்ற ஓர் ஆலமரத்தை அடையாளமாகக் கொண்டே நகரின் மையம் குறிக்கப்பட்டது.

முதலில் வந்து குடியேறியவர்கள் பல நாட்டு இளைஞர்கள். அவர்கள் கையில் மாடிக் குடியிருப்புகளின் படம் இருந்தது; கண்முன்னே பொட்டல் இருந்தது. அவர்கள் கட்டிய முதல் வீடுகள் சவுக்குக் கழி நட்டு, தென்னங்கீற்று வேய்ந்தவை. அக்கலையைக் கற்பித்தவர்கள் ஊர் மக்கள். மரக்கன்றுகளுக்கு மாட்டுவண்டியில் நீர் வந்தது. வயல்தோறும் வரப்பு உயர்த்தினர். அரிப்புப் பள்ளங்களின் குறுக்கே சிறு தடுப்பணைகள் போட்டனர். மழைநீர் விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்குமாறு செய்தனர். வரப்பும் குளமும் தமிழ் உழவருக்குப் புதியன அல்ல. பராமரிப்பின்றி விடுபட்ட ஒரு பழைய அறிவு அங்கே மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது.

முதலில் விரைந்து வளரும் அயல் மரங்கள் நிழலுக்காக நடப்பட்டன. நிழல் வந்தபின் இவ்வட்டாரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைத் தேடினர். பாலை, காயா, கருங்காலி போன்றவை அவை. காடு அழிந்துவிட்ட நிலத்தில் விதை எங்கே கிடைக்கும்? கோயில்காடுகளில் கிடைத்தது. புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு போல, தெய்வத்துக்கு அஞ்சி எவரும் கோடரி வைக்காத சிறு தோப்புகள் இப்பகுதியில் எஞ்சியிருந்தன. எழுத்தறியாத முன்னோர் காத்த விதைகள், எதிர்கால நகரத்தின் பசுமை வளையத்துக்கு உதவின. நடப்பட்ட மரங்கள் இன்று பல லட்சம். நகரத்துக்கு முன்பே அதன் காடு வந்துவிட்டது.

வட்டத்தின் விளிம்பில் காடு நிற்கவேண்டும் என்று வரைந்தவர் ஆங்கர்தான். அது மறுக்க முடியாதது. ஆனால் எந்த மரம், எந்த வரப்பு, எந்தப் பள்ளத்தில் எத்தனை அடி உயர அணை என்பதை எந்தப் படமும் சொல்லவில்லை. அதை மண்ணே சொல்லவேண்டியிருந்தது.

மண்கல்லும் கண்ணாடிக் கிண்ணமும்

கட்டடங்களும் மண்ணின் சொல்லைக் கேட்கத் தொடங்கின. அங்குள்ள மண் கட்டடக்கலை நிறுவனம் 1989 முதல் அழுத்திய மண்கல்லைப் பரப்பிவருகிறது. தோண்டிய செம்மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் சேர்த்து, சற்றே ஈரமாக்கி, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்தினால் கல் உருவாகிறது. அதைச் சில வாரங்கள் ஈரங்காத்து ஆறவைப்பர். சூளை தேவையில்லை, எனவே விறகும் புகையும் இல்லை. மண் எடுத்த குழியை அப்படியே விடாமல் மழைநீர்த் தொட்டியாக்கிவிடலாம். வருவோரை வரவேற்கும் பார்வையாளர் மையம் இத்தகைய கல்லால் ஆனது.

பொது உணவுக்கூடத்தின் கூரைமேல் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய கிண்ணம் வானைப் பார்த்து அமர்ந்திருக்கிறது. அதன் உட்புறம் முழுவதும் சிறு கண்ணாடித் துண்டுகள். அவை கதிரவன் ஒளியை ஒரு குழாயின்மேல் குவிக்கின்றன. குழாயின் வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. நல்ல வெயில் நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அளவு ஆவி கிடைக்கவேண்டும் என்பது அதன் வடிவக் கணக்கு. மேகம் மூடினால் டீசல் கொதிகலன் துணைக்கு வரும். எதிர்காலத்தை நம்புவோர் மாற்றுவழி ஒன்றையும் கைவசம் வைத்திருப்பது அறிவுடைமையே.

நிலவுரிமையிலும் கனவு பெரும்பாலும் நிலைத்தது. அன்னை 1973இல் மறைந்தபின் நிர்வாக உரிமை பற்றி நீண்ட வழக்குகள் எழுந்தன. நாடாளுமன்றம் 1988இல் தனிச்சட்டம் இயற்றி, ஆரோவில் அறக்கட்டளையை அமைத்தது. நிலமும் வீடும் அறக்கட்டளைக்கே உரியவை. குடியிருப்போர் வாழலாம், விற்க முடியாது. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, சமஸ்கிருதம் ஆகிய நான்கும் அங்கே மொழிகளாக ஏற்கப்பட்டன. பிறந்த மண்ணின் மொழியை முதல் வரிசையில் வைத்த நேர்மை பாராட்டத்தக்கது.

பணத்தை வெல்வதில் அவ்வளவு வெற்றி கிட்டவில்லை. காலையில் சுற்று ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டியிலும் மோட்டார் வண்டியிலும் அங்கே கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை செய்ய வருகின்றனர், மாலையில் திரும்புகின்றனர். அவர்களால் ஊர்களில் வருவாய் பெருகியது. பள்ளிகளும் தொழிற்பயிற்சியும் வந்தன. நிலத்தின் விலையும் ஏறியது. உடைமையாளனும் பணியாளனும் இல்லாத சமுதாயத்தின் விளிம்பில் இந்த வண்டிகளின் வரிசை நின்று ஒரு கேள்வியை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. ஊர்களில் பிறந்து, ஆரோவில்வாசிகளாகவே ஆகிவிட்ட தமிழர் பலர் உண்டு என்பது அக்கேள்விக்குப் பாதி விடை.

ஐம்பதாயிரமும் மூவாயிரமும்

1971இல் அடித்தளமிட்ட மாத்ரிமந்திர் 2008இல்தான் நிறைவுற்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கர் காலமானார். நகரத்தில் இன்று வாழ்வோர் ஏறத்தாழ 60 நாடுகளைச் சேர்ந்த மூவாயிரத்துச் சொச்சம் பேர். திட்டமிட்ட 50,000 பேரில் இது பதினைந்தில் ஒரு பங்கு. வளர்ச்சி ஏன் நின்றது, யார் பிழை என்று ஆரோவில்லுக்குள்ளேயே கடும் வேற்றுமை இருக்கிறது.

அவ்வேற்றுமை 2021 டிசம்பரில் வெளிப்படையாக வெடித்தது. கிரவுன் சாலைக்காகக் காட்டுக்குள் எந்திரங்கள் நுழைந்து மரங்களை அகற்றின. திட்டம் அன்னை ஏற்றுக்கொண்டது, அரசும் ஏற்றது, ஐம்பதாண்டு காத்திருந்தது போதும் என்பது ஒரு சாரார் வாதம். சாலை வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை; காட்டையும் நீரோட்டத்தையும் பார்த்துச் சற்று வளைத்துப் போடுங்கள் என்பது மற்றொரு சாரார் வேண்டுகோள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஏப்ரலில் பணிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவ்வாணையை நீக்கியது.

சட்டப்படி வழக்கு முடிந்தது. இரு தரப்பும் நேசித்தது ஒரே நகரத்தைத்தான் என்பதே இதன் துயரம். ஒருவர் 1968இன் மாதிரியை நேசித்தார். மற்றவர் அதற்குப்பின் தம் கையால் நட்ட மரத்தை. வளையச் சாலை துல்லியமான வட்டமாக இருந்தாக வேண்டுமா என்பது வடிவியல் வினா போலத் தோன்றும். உண்மையில் அது, வாழ்கின்றவர்கள் வரைந்தவரைத் திருத்தலாமா என்னும் வினா. ஹவார்டின் அடிக்குறிப்பு அதற்குத் திருத்தலாம் என்றே விடை சொல்லும். கெடிஸ் திருத்தியே ஆகவேண்டும் என்பார்.

இனி ஏரியின் முறை. மாத்ரிமந்திரைச் சுற்றி நீர் நிற்கவேண்டும் என்பது முதல் திட்டத்திலேயே உள்ளது. ஆனால் இந்தச் செம்மண் நீரைத் தேக்காது, உறிஞ்சிவிடும். ஆகவே அடியில் ஒரு தளம் அமைத்தாக வேண்டும். நிரப்பும் நீர் எங்கிருந்து வரும்? மழைநீரைச் சேர்த்தா, கடல்நீரை நன்னீராக்கியா? கடலோரமாகையால், நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தால் உப்புநீர் உள்ளே நுழையும் அச்சம் இந்த வட்டாரத்தின் எல்லாக் கிணறுகளுக்கும் பொது. பொறியாளர்கள் கணக்கிடுகின்றனர், குடியிருப்போர் வாதிடுகின்றனர், ஐப்பசி மழை வந்ததும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய வரப்புகளைச் சிலர் மண்வெட்டியுடன் சென்று சரிபார்க்கின்றனர்.